பூட்டாத கேட்

துரைமார் கல்லறைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது மணி ஐந்து. இளவரசன் என்ஜினை அணைக்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "சட்டுனு பாத்துட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்" என்றான்.

"நீயும் வாப்பா. பேய் என்னைப் புடிச்சிக்கினு போச்சுன்னா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள் சந்தியா.

அவளுக்கு இருபது வயது. கல்லூரியில் வரலாறு, மூன்றாம் வருஷம். பழைய கல்லறைக் கல்வெட்டுகளைப் படியெடுத்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்று பத்து நாளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். காஞ்சிபுரத்தில் கல்வெட்டுக்கா பஞ்சம், கோயில் கோயிலாகப் போய் எழுதிக்கொள்ளேன் என்று இளவரசன் சொல்லிப் பார்த்தான். கேட்கிற பெண்ணா அவள்? வீட்டிலிருந்து எட்டு நிமிஷத்தில் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போக அப்பா ஏன் இவ்வளவு தயங்குகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. பேய்க்குப் பயப்படுகிறார் என்றே நினைத்துக்கொண்டாள். அது ஒரு வகையில் நிஜம்தான்.

செவிலிமேட்டில் புது வீடுகள் முடிந்து, பாலாற்றுப் பக்கம் பாதை இறங்குகிற இடத்தில் அந்தக் கல்லறை இருந்தது. முன்பகுதியில் கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சமாதிகள், சுண்ணாம்பு உதிர்ந்து, அரசஞ்செடி முளைத்து, ஆளுயரத்துக்குக் கூம்பு கூம்பாக நின்றன. பின்பகுதி உள்ளூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களுடையது. அங்கே இன்னும் புதைக்கிறார்கள். சுற்றிலும் செங்கல் சுவர். உள்ளே போக ஒரே வழி, கறுத்துத் துருவேறிய அந்த இரட்டைக் கேட்.

கேட்டைத்தான் ஊரே பேசியது. சாயங்காலமானால் யாரோ வெளியே நின்று அதைப் பிடித்து ஆட்டுகிறார்களாம். பார்த்தால் ஆள் இருக்காதாம். புருஷனைத் தேடி வந்த துரைசாணி என்றார்கள். வெள்ளைக் கவுன், கையில் லாந்தர் என்று ஆளுக்கொரு நகை போட்டு அவளை அலங்கரித்தும் விட்டார்கள். சந்தியாவின் சிநேகிதிகள் அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இருநூறு வருஷம் சும்மா படுத்துக் கிடந்த துரைசாணிக்கு ஐந்து வருஷமாகத்தான் கால் முளைத்திருந்தது. அதற்கு முன்னால் அந்தக் கேட்டைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இளவரசன் யோசித்திருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

மகள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் வண்டியை அணைத்துவிட்டுப் பின்னால் போனான். கேட்டைத் தொடாமல், ஒருக்களித்து, இடைவெளியில் உடம்பை நுழைத்துப் போனான்.

வேப்பமரத்தடியில் காவல்காரர் சிட்டிபாபு சருகைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். இளவரசனைப் பார்த்ததும் துடைப்பம் நின்றது.

"வாங்க சார்" என்றார். அந்தப் பார்வை ஒன்றே போதும் என்று விட்டுவிட்டவரைப் போல மறுபடி கூட்டத் தொடங்கினார்.

சந்தியா அவரிடம் போய், "துரைசாணி இன்னிக்கு வருவாங்களா தாத்தா?" என்று கேட்டாள்.

"துரைசாணியாவது ஒண்ணாவது. அவங்க பாட்டுக்கு தூங்கிக்கினு இருக்காங்க. நீ அஞ்சரைக்குள்ள கெளம்பிடுமா. அஞ்சே முக்காலுக்கு மேல இந்த கேட்டு தொறக்காது. ஆறேகால் வரைக்கும் யார் தள்ளினாலும் அசையாது."

"பூட்டிடுவீங்களா?"

"அஞ்சு வருஷமா நான் பூட்டுறதே இல்லமா."

அதை அவர் சந்தியாவிடம்தான் சொன்னார். இளவரசன்தான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

சந்தியா சமாதி சமாதியாக உட்கார்ந்து, பாசியைத் துணியால் துடைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இவருக்கு இருவத்தி மூணு வயசுதாம்பா. காய்ச்சல்ல செத்துருக்காரு. ஊரு பேர் தெரியாத ஊர்ல வந்து..." என்று உச்சுக் கொட்டினாள். யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரனுக்காக அவள் கண் கலங்குவதை இளவரசன் பார்த்தான். இந்தப் பெண் தனக்கு எப்படிப் பிறந்தாள் என்று நினைத்தான்.

பின்பகுதியிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாள்தான் பாக்கி. அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் வந்து புல்லைச் செதுக்கி, வெள்ளையடித்து, சிலுவையில் பேரைப் புதுசாக எழுதிவிட்டுப் போகும். அங்கே ஒரு பெண் குந்தி உட்கார்ந்து மட்டையால் வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். நல்ல அகலமான கல்லறை. இரண்டு பேருக்கு உரிய இடம். தலைமாட்டுக் கல்லின் இடது பாதியில் ஓர் ஆணின் பேர் இருந்தது. வலது பாதி வெறுமையாக இருந்தது.

"ஷாரோன் அக்கா" என்றாள் சந்தியா.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். இளவரசன் ஓரடி பின்வாங்கினான். ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"நான் சந்தியாக்கா. மேரி டீச்சர்கிட்ட அங்கன்வாடில படிச்சேன். நீங்க ஸ்கூல் விட்டு வந்து எங்களுக்கெல்லாம் தலை சீவி விடுவீங்க."

ஷாரோனின் முகம் மெல்ல மலர்ந்தது. "முட்டையில மஞ்சக்கருவ மட்டும் தூக்கிப் போடுவியே, அந்த சந்தியாவா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சந்தியா அந்த வெற்றுப் பாதியைப் பார்த்தாள். "டீச்சர் பேரு எழுதலயாக்கா?"

"ஆள் இல்லாத எடத்துல இன்னான்னு எழுதறது? அப்பா போனப்பவே அம்மா தனக்குன்னு எடம் விட்டு கட்டச் சொல்லிச்சு. வர வுடலியே." ஷாரோன் மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் முக்கினாள். "வேற ஊருக்கு எடுத்துக்கினு போயி எரிச்சிட்டாங்க. அன்னிக்கு மட்டும் ஏழு பேரு. சாம்பல் கேட்டேன். எது யாருதுன்னு தெரியலன்னு சொல்லிட்டாங்க."

அவள் சொல்லச் சொல்ல இளவரசன் கேட்டுக்கொண்டு நின்றான். சொல்லாத மீதி அவனுக்கு மனப்பாடம்.

கொரோனா வந்த முதல் வருஷம், ஆடி மாதம். நோயில் செத்தவர் ஒருவரைத் துரைமார் கல்லறையில் புதைக்கப் போகிறார்கள் என்று அவன் குடியிருக்கும் நகரின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. புதைத்தால் கிருமி போர்த் தண்ணீரில் இறங்கும் என்று எவனோ எழுதினான். இளவரசன் நகர் நலச்சங்கத்தின் செயலாளர். செயலாளர் என்றால் எதையாவது செய்து காட்ட வேண்டுமே. அவனுடையது ஹார்டுவேர் கடை. ஊரடங்கில் மூடிக் கிடந்த கடையைத் திறந்து, ஆறடிச் சங்கிலியும் இருப்பதிலேயே பெரிய பூட்டும் எடுத்துக்கொண்டு போனான். கேட்டில் சங்கிலியைச் சுற்றி அவன்தான் பூட்டினான். மற்றவர்கள் வேப்பிலைக் கொத்தைச் செருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

சரியாக ஐந்தே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. பின்னாலேயே ஸ்கூட்டியில் ஒரு பெண். டிரைவர் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். சிட்டிபாபு சுவருக்கு உள்ளேயிருந்து கத்தினார்: "கேட்டு வரைக்கும் வந்த சவத்த திருப்பாதீங்கப்பா. அதுக்கு திரும்பிப் போற வழி தெரியாதுப்பா." அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சவம் புறப்பட்டால் போய்ச் சேர வேண்டும், பாதியில் திருப்பக் கூடாது. தெரிந்த முப்பது பேரும் கல்லாக நின்றார்கள். ஒருத்தன் கல்லையே எறிந்தான். வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்தது.

சாவி இளவரசனின் சட்டைப் பையில் இருந்தது. ஆறேகாலுக்கு வண்டி திரும்பியது.

திரும்பும்போது வண்டியின் உள்பக்கத்திலிருந்து மூன்று தட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சர் ஆடியிருக்கும் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

இறந்தது மரியம்மாள் என்பது, ஊரே மேரி டீச்சர் என்று கூப்பிட்ட மரியம்மாள் என்பது, பதினைந்து நாள் கழித்து அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்தப் போராட்ட வீடியோ அப்போது எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. முகக்கவசமும் ஹெல்மெட்டுமாக இருந்ததால் அதில் அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை; கூட நின்றவர்களும், கம்பிக்கு உள்ளே நின்று பார்த்த சிட்டிபாபுவும் வெளியே சொல்லவில்லை. பதினைந்து வயசு சந்தியா சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் சோறுதான் துன்றாங்களாப்பா?" என்று கேட்டாள். டீச்சர் என்று தெரிந்ததும் இரண்டு நாள் அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொன்னவன் இளவரசன்தான். தலையைத் தடவி, "உலகம் அப்படித்தாம்மா" என்றான். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. போலீஸ் சொல்லிக் கழற்றிய அந்தப் பூட்டை எண்ணெய் போட்டுத் துடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டுத் திரும்பக் கடை அலமாரியில் வைத்தான். யாரோ வந்து வாங்கிக்கொண்டும் போய்விட்டார்கள்.

"நீங்க அந்த நகர்தான?" என்று ஷாரோன் கேட்பது காதில் விழுந்தது. கேள்வி அவனைப் பார்த்துத்தான். "அன்னிக்கு கேட்டப் பூட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? கேஸு கீஸு எல்லாம் ஒண்ணும் இல்ல. யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

சந்தியாவும் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாதும்மா" என்றான் இளவரசன். "நான் அன்னிக்கு அந்தப் பக்கமே போகல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக்கூடக் கொஞ்சம் கை நடுங்கும். அவனுக்குக் குரல்கூட நடுங்கவில்லை. அதுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஷாரோன் தலையாட்டிவிட்டு மறுபடி மட்டையை எடுத்தாள்.

அப்போதுதான் காக்கைகள் நின்றன. மரத்தில் அடைய வந்து கத்திக்கொண்டிருந்தவை, சொல்லிவைத்த மாதிரி ஒரே நேரத்தில் அடங்கின. பாலாற்றிலிருந்து வந்துகொண்டிருந்த காற்றும் நின்றது. சுண்ணாம்பு வாடைக்குள் வேறொரு வாசனை புகுந்தது. வறுத்த மாவை வெந்நீரில் கரைக்கிற வாசனை.

சந்தியா மூக்கை உறிஞ்சினாள். "சத்துமாவுக் கஞ்சி வாசனப்பா."

ஷாரோன் எழுந்து நின்றாள். கையில் மட்டை சொட்டிக்கொண்டிருந்தது. "மணி அஞ்சே முக்கா" என்றாள் மெதுவாக.

கேட் ஆடியது.

முதலில் மெல்ல, டக் டக்கென்று. பக்கத்தில் யாரோ தறி நெய்கிறார்கள் என்று இளவரசன் தன்னை நம்பவைக்கப் பார்த்தான். அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு தறியும் கிடையாது.

டக். டக். டக்.

பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்குகிற சத்தம். அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்டது. சங்கிலி உரசுகிற சத்தம். கேட்டில் சங்கிலி எதுவும் இல்லை.

சந்தியா போனை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். இளவரசன் அவள் கையைப் பிடித்தான். "வாணாம்மா." அவள் உதறிவிட்டுப் போனாள். ஷாரோன் அவளுக்கு முன்பே ஓடியிருந்தாள். வேறு வழியில்லாமல் அவனும் போனான்.

கம்பிகளுக்கு வெளியே பாதை காலியாக இருந்தது. அவனுடைய வண்டி நின்றது. இன்னும் வெளிச்சம் இருந்தது. தூரத்தில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. ஆள் யாரும் இல்லாத வெளியிலிருந்து கேட் அதிர்ந்துகொண்டே இருந்தது. துரு பொடிப் பொடியாக உதிர்ந்தது.

ஷாரோன் கம்பிகளைப் பிடித்து உள்பக்கமாக இழுத்தாள். காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள். பூட்டில்லை, தாழ்ப்பாளில்லை. இருந்தும் அசையவில்லை.

"வருஷா வருஷம் இழுக்குது இந்தப் பொண்ணு" என்றார் சிட்டிபாபு. அவர் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளியே நின்றார். "கை கிழிஞ்சதுதான் மிச்சம்."

"அம்மா, நான் தொறக்கறேம்மா. இருமா" என்றாள் ஷாரோன்.

அதற்குப் பதில் போல ஒரு குரல் வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்திலிருந்து. கோபமே இல்லாத, கொஞ்சம் களைத்த குரல்.

"பூட்டிக்கினு இருக்குது கண்ணு."

சந்தியாவின் கையிலிருந்த போன் விழுந்தது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

"டீச்சர் குரல்ப்பா" என்றாள்.

இளவரசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஆறேகால் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால் தானாகத் திறந்துவிடும் என்று சிட்டிபாபு சொன்னதை மனசுக்குள் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னும் அரை மணி. அரை மணி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மகள் மகளாகவே இருப்பாள். அந்த நேரத்திலும் அவன் போட்ட கணக்கு அதுதான். ஒருத்தி தன் அம்மாவுக்காக இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவன் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உலுக்கல் நின்றது.

அங்கன்வாடியில் பிள்ளைகளை விட வருகிற பெற்றவர்களை மேரி டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பாலாஜி அம்மா, அனு அப்பா என்று. அந்த மனிதர்களுக்குச் சொந்தப் பேர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"சந்தியா அப்பா" என்றது குரல். "தொறங்க."

யாரும் அசையவில்லை.

"சாவி உங்ககிட்டதான இருக்குது."

ஷாரோன் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். மெல்லத் திரும்பினாள். சந்தியாவும் திரும்பினாள். சிட்டிபாபு மட்டும் திரும்பவில்லை. அவருக்குப் புதுசாகத் தெரிய எதுவுமில்லை.

மகளின் கண்ணைப் பார்க்க முடியாமல் இளவரசன் தரையைப் பார்த்தான். உடம்பெல்லாம் கூசியது. நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பவனுக்குக்கூடக் கையால் மறைக்க ஏதாவது இருக்கும். அவனுக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"நான்தான் பூட்டினேன்" என்றான். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். "நான்தாம்மா பூட்டினேன். ஹெல்மெட் போட்டுக்கினு இருந்தது நான்தான். யாருன்னு தெரியாம செஞ்சேன். தெரிஞ்சப்புறம் வாயத் தொறக்கல. இப்பக்கூட பொய்தான் சொன்னேன்."

வெளியே எதுவோ கனமாகத் தரையில் விழுந்தது. சங்கிலி சரிந்து விழுகிற சத்தம்.

கேட் தானாகத் திறந்தது. கிறீச்சென்ற ஒலிகூட இல்லாமல், இரண்டு பக்கமும் அகலமாக.

சத்துமாவு வாசனை அவர்களைக் கடந்து உள்ளே போனது. போகும்போது இளவரசனின் முழங்கையில் ஈரத் துணி ஒன்று உரசியது. சருகுகள் நொறுங்கும் ஓசை பின்பகுதியை நோக்கி, அவசரமில்லாமல், ஒவ்வோர் அடியாகப் போய் நின்றது.

ஷாரோன் அந்த ஓசையின் பின்னால் நடந்தாள். அவர்கள் மூவரும் போய்ப் பார்த்தபோது அவள் கல்லறையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். அப்போதுதான் அடித்த ஈரச் சுண்ணாம்பில், வலது பாதியில், யாரோ மல்லாந்து படுத்ததுபோல ஒரு பள்ளம் மெதுவாக அழுந்திக்கொண்டிருந்தது. முதலில் தலை. பிறகு தோள். கடைசியில் இரண்டு குதிகால்.

ஷாரோன் அழவில்லை. இளவரசனை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க போங்க" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது சந்தியா வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் மேல் படாமல் உட்கார்ந்து வந்தாள். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. அவன் மனைவி கிருஷ்ணவேணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னா ஆச்சு ரெண்டு பேருக்கும்? கல்லறையில பேயக் கீய பாத்தீங்களா?" என்று கேட்டாள். மகள் சொல்லட்டும் என்று அவன் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. மனைவியிடம் அதையும் அவனே சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அன்று ராத்திரி அவனுக்குச் சோறு போட்டாள். எதிரே உட்காரவில்லை.

கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானமே சந்தியா ஷாரோனுக்கு ஒத்தாசையாகப் போய்விட்டாள். இப்போது கேட் ஆடுவதில்லை, சாயங்காலம் முழுக்கத் திறந்தே கிடக்கிறது என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். துரைசாணி புருஷனைக் கண்டுபிடித்துவிட்டாளாம்.

இளவரசன் குளித்து, ஒரு கட்டு மெழுகுவத்தியும் நாலு முழம் சாமந்தியும் வாங்கிக்கொண்டு ஐந்தரைக்குப் போனான். ஷாரோனின் காலில் விழ வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். வாசலில் பூக்காரிகளும் சைக்கிள்களுமாகக் கூட்டம். உள்ளே நூற்றுக்கணக்கில் சுடர்கள். கேட்டின் இரண்டு கதவும் அகலத் திறந்து சுவரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. குழந்தைகுட்டிகளோடு ஜனங்கள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவனும் காலெடுத்து வைத்தான். நெற்றியில் இரும்பு இடித்தது.

எதிரில் ஒன்றுமில்லை. கையை நீட்டினான். விரல்கள் சில்லென்ற கம்பியைத் தொட்டன. அவன் பக்கத்தில் ஒரு கிழவர் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு அதே இடத்தைத் தாண்டி உள்ளே போனார்.

"வழில நிக்காதீங்க சார், போங்க" என்றார் சிட்டிபாபு.

அவன் தள்ளினான். அசையவில்லை. பூவையும் மெழுகுவத்தியையும் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். ஜபச் சத்தத்துக்கு நடுவே, உள்ளேயிருந்து, காதருகே அந்தக் குரல் கேட்டது. பிள்ளையிடம் பேசுகிற அதே பதமான குரல்.

"கொஞ்சம் நில்லுங்க. தொறப்பாங்க."

எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. மெழுகுவத்திகள் பாதி கரைந்து, கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. சந்தியா உள்ளேயிருந்து வந்தாள். அவனைப் பார்த்து நின்றாள். ஐந்து நாளைக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஏம்பா வெளியவே நிக்கிற? தொறந்துதான இருக்குது."

அவனுடைய இரண்டு கைகளும் நெஞ்சு உயரத்தில் காற்றை இறுகப் பிடித்திருந்தன. சந்தியா கிட்ட வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். உள்ளங்கை முழுக்கத் துரு அப்பியிருந்தது.

அவள் திரும்பிக் கேட்டைப் பார்த்தாள். திருநாளுக்காக முந்தின நாள்தான் அதைச் சுரண்டி, பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள்.